நீலத்திரை வந்தால் டிஸ்க் போய்விட்டது என்று பொருளா?

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடை. அங்கே பில் போடும் கணினி காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் ஒன்றரை வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடும். கடைக்காரர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து மவுஸை அசைத்தால் அம்புக்குறி நகரும். ஆனால் எதைச் சொடுக்கினாலும் திறக்காது. திரையின் மூலையில் கடிகாரம் 1:52 என்றே நின்றிருக்கும். பெட்டியின் முகப்பில் வழக்கமாக மினுங்கிக்கொண்டிருக்கும் சிறிய விளக்கு மினுங்காமல் ஒரே நிலையாக எரியும். சற்று நேரத்தில், விண்டோஸ் நின்றுபோனதைச் சொல்லும் நீலத்திரை வந்துவிடும்.

பார்த்தவர்கள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். வைரஸ் என்றார் ஒருவர். தகவலைச் சேமித்துவைக்கும் டிஸ்க் போய்விட்டது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் டிஸ்க்கில் இருப்பதை அழிக்கும் பார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுத்தார். நான்கு நாளில், பழைய குருடி கதவைத் திறடி என்று நீலத்திரை திரும்ப வந்தது. புது எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டார்கள், அதிலும் வந்தது. "டிஸ்க்கையும் மாற்றியாயிற்று, இனி எதை மாற்றுவது தம்பி?" என்று அண்ணாச்சி என்னிடம் கேட்டபோது, அந்தப் பார்மட்டில் இரண்டு வருடக் கொள்முதல் கணக்கு அழிந்துபோயிருந்தது.

குற்றம் டிஸ்க்கில் இல்லை. டிஸ்க்கோடு பேசும் சிறிய மென்பொருளில் இருந்தது. அந்த மென்பொருள் என்ன, அது தவறினால் முழுக் கணினியும் ஏன் விழுகிறது, எப்படிச் சரிசெய்வது என்பதைக் கணினி படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்ல வேண்டும் என்று அன்றே நினைத்தேன். அந்தக் கொள்முதல் கணக்கு அழிந்திருக்க வேண்டியதே இல்லை.

கிடங்கும் கிடங்குக்காரரும்

கீழமாசி வீதிக் கடைகளில் முன்னால் கல்லா இருக்கும். பின்னால் அல்லது அடுத்த சந்தில் கிடங்கு இருக்கும். வாடிக்கையாளர் வந்து உளுந்து இரண்டு மூட்டை கேட்கிறார். கணக்குப்பிள்ளை பேரேட்டைப் பார்த்து, எந்த அறையில் எத்தனையாவது அடுக்கு என்று சீட்டு எழுதுகிறார். சீட்டு கிடங்குக்காரர் கைக்குப் போகிறது. எந்தப் பூட்டுக்கு எந்தச் சாவி, எந்தக் கதவை இழுத்துத் திறக்க வேண்டும், எந்த ஏணி ஆடும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மூட்டை வெளியே வருகிறது. கல்லாவில் இருப்பவர் கிடங்கின் உள்ளே ஒருமுறைகூடப் போகாமல் வாழ்நாள் முழுவதும் வியாபாரம் செய்துவிடலாம்.

கணினியிலும் இதே ஏற்பாடுதான். பில் போடும் மென்பொருள்தான் வாடிக்கையாளர். கடையை நடத்தும் நிர்வாகம் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பேரேட்டுக்குக் கோப்பு முறைமை என்று பெயர். கிடங்கு என்பது டிஸ்க். அது பழைய ஹார்ட் டிஸ்க்காகவும் இருக்கலாம், புதிய எஸ்.எஸ்.டி.யாகவும் இருக்கலாம். நடுவில் நிற்கும் கிடங்குக்காரர்தான் சேமிப்பக டிரைவர். தமிழில் இயக்கி என்று எழுதுகிறார்கள். கடையிலும் கல்லூரியிலும் டிரைவர் என்றே வழங்குகிறது, நானும் அப்படியே எழுதுகிறேன்.

டிஸ்க்கோடு பேசுவதற்கு இன்று இரண்டு வழக்கங்கள் பரவலாக இருக்கின்றன. பழையது ஏ.எச்.சி.ஐ. அதில் ஒரே வரிசை. ஒரே நேரத்தில் 32 சீட்டுகள்தான் நிற்க முடியும். புதியது என்.வி.எம்.இ. அதில் ஆயிரக்கணக்கான வரிசைகளுக்கு இடம் உண்டு, ஒவ்வொரு வரிசையிலும் ஆயிரக்கணக்கான சீட்டுகள் நிற்கலாம். புது மடிக்கணினி சட்டென்று திறப்பதற்கு இது ஒரு காரணம். இரண்டு வழக்கங்களுக்கும் உரிய டிரைவர்கள் விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன. அவை போக, கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டைத் தயாரிப்பவர்களும் சிப் தயாரிப்பவர்களும் தாங்களே எழுதிய டிரைவர்களைத் தருகிறார்கள். பெரும்பாலும் பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் ரெய்டு என்ற ஏற்பாட்டுக்காக அவற்றைத் தருகிறார்கள். ஒற்றை டிஸ்க் மட்டுமே உள்ள கடைக் கணினியிலும் இந்த ரெய்டு டிரைவர் பல சமயம் வந்து உட்கார்ந்திருக்கும். அண்ணாச்சி கடையில் அப்படித்தான் இருந்தது.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். கிடங்கு வேறு, கிடங்குக்காரர் வேறு. மூட்டை வந்து சேரவில்லை என்றால் கிடங்கு இடிந்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது.

ஒரு டிரைவர் தவறினால் மொத்தமும் ஏன் விழுகிறது?

பில் மென்பொருள் தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். பாட்டுக் கேட்கும் மென்பொருள் சிக்கிக்கொண்டால் அதை மட்டும் நிறுத்திவிடலாம். டிரைவர் தவறினால் மட்டும் கணினி முழுவதும் நிற்கிறது. இதற்குக் காரணம் அது உட்கார்ந்திருக்கும் இடம்.

இயங்குதளத்தின் உள்மையத்துக்குக் கெர்னல் என்று பெயர். சாதாரண மென்பொருள்கள் வாடகைக்கு இருப்பவர்கள் மாதிரி. அவரவர் அறைக்குள் மட்டும் நடமாடலாம், அடுத்த அறைக் கதவைத் தொட்டால் செயலியே (பிராசஸர்) தடுத்துவிடும். கெர்னலுக்கு வீட்டின் எல்லா அறைகளும் திறந்திருக்கும். டிஸ்க்கோடு வேகமாகப் பேச வேண்டும் என்பதற்காகச் சேமிப்பக டிரைவரையும் கெர்னலுக்குள்ளேயே உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து அது எந்த அறைக்குள்ளும் கைவிட முடியும். ஆகவே அங்கே நடக்கும் தவறு எந்தெந்த அறையைக் கெடுத்திருக்கும் என்று கெர்னலால் உறுதியாகச் சொல்ல முடியாது.

அப்படி ஒரு நிலை வந்ததும் கெர்னல் என்ன செய்கிறது? செல்லூர்ப் பக்கம் விசைத்தறி ஓடும் கொட்டகைக்குள் ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஊடை இழை அறுந்ததும் தறி தானாகவே நின்றுவிடும். நிற்காமல் ஓடினால் கஜக்கணக்கில் துணி பாழாகும். நீலத்திரையும் அந்த நிறுத்தம்தான். தவறான தகவலை டிஸ்க்கில் எழுதிவைத்து உங்கள் கணக்கைக் கெடுப்பதைவிட நின்றுவிடுவது மேல் என்று கெர்னல் தானாக முடிவெடுக்கிறது. லினக்ஸில் இதைக் கெர்னல் பேனிக் என்பார்கள். விண்டோஸ் 11-இல் 2025-ஆம் ஆண்டு முதல் நீலத்துக்குப் பதில் கறுப்பு நிறம் வந்திருக்கிறது; பொருள் மாறவில்லை. இந்தத் திரையை வெறுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

கெர்னலுக்குள் நடக்கும் ஒரு சிறிய பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கெர்னல் டிரைவர், புதிதாக வந்த ஒரு சிறிய கோப்பைப் படிக்கும்போது தனக்கு உரிய எல்லையைத் தாண்டி நினைவகத்தை (ராம்) தொட்டது. மைக்ரோசாப்ட் கணிப்புப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது சேமிப்பக டிரைவர் அல்ல. ஆனால் விழுந்த விதம் ஒன்றேதான். சரிசெய்த விதத்தையும் கவனியுங்கள்: அடிப்படை டிரைவர்களை மட்டும் வைத்துத் திறக்கும் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) கணினியைத் திறந்து, அந்த ஒரு கோப்பை நீக்கினார்கள். அதற்குப் பார்மட் தேவைப்படவில்லை.

சீட்டு, மணி, லாரி

இனி உள்ளே உண்மையில் நடப்பதைப் பார்க்கலாம். இந்தப் பகுதியை மட்டும் சற்று நிதானமாகப் படியுங்கள்; விஷயம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கோப்பைப் படிக்க வேண்டும் என்றால், டிரைவர் முதலில் நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்குகிறது. பிறகு ஒரு சீட்டு எழுதுகிறது: டிஸ்க்கில் இந்த இடத்தில் இருப்பதை எடுத்து, நினைவகத்தில் இந்த முகவரியில் போடு. சீட்டை வரிசையில் வைத்துவிட்டு மணி அடிக்கிறது. என்.வி.எம்.இ. வழக்கத்தில் இதற்குப் பெயரே அழைப்பு மணிதான். டிஸ்க் சீட்டை எடுத்துப் படித்து, தகவலைச் சொன்ன முகவரியில் தானே நேராகக் கொண்டுபோய்ப் போடுகிறது. செயலி நடுவில் நின்று சுமப்பதில்லை. முடிந்ததும் பதில் வரிசையில் ஒரு சீட்டை வைத்து, செயலியின் தோளைத் தட்டுகிறது. இந்தத் தட்டலுக்குக் குறுக்கீடு என்று பெயர். டிரைவர் பதிலைப் பார்த்து, பழைய சீட்டைக் கிழித்துப் போடுகிறது.

கிடங்கு மொழியில் சொன்னால், உளுந்து இரண்டு மூட்டையை மூன்றாம் கதவில் நிற்கும் லாரியில் ஏற்று என்று சீட்டு போகிறது. கிடங்கு ஆட்கள் ஏற்றிவிட்டுக் குரல் கொடுக்கிறார்கள்.

இப்போது ஒரு சங்கடம். இன்றைய எஸ்.எஸ்.டி. வேலை இல்லாதபோது மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தூங்கப் போகிறது. லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம் என்று அதில் படிகள் உண்டு. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ அதிக நேரம் பிடிக்கும்; சில டிஸ்க்குகள் சொன்ன நேரத்துக்குள் எழுவதே இல்லை. மதியம் கடைக்காரர் சாப்பிடப் போன நேரத்தில் நடந்தது இதுதான்.

பதில் வராவிட்டால் டிரைவர் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதற்கு ஒரு கெடு உண்டு. லினக்ஸில் பொதுவாக 30 விநாடி. கெடு தாண்டினால் டிரைவர் டிஸ்க்கை ரீசெட் செய்கிறது. அதாவது, உலுக்கி எழுப்பி முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறது. நிலுவையில் உள்ள சீட்டுகளைக் கிழித்துவிடுகிறது. ஒதுக்கிய நினைவிடத்தை வேறு யாருக்காவது பயன்படும் என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

இதில் எது முதலில், எது பிறகு என்ற ஒழுங்கு தவறினால்தான் கணினி விழுகிறது. டிஸ்க் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று உறுதி செய்யாமல் டிரைவர் சீட்டைக் கிழித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் கதவில் நின்ற லாரி போய்விட்டது. அந்த இடத்தில் வேறொருவருடைய லாரி வந்து நிற்கிறது. கிடங்கு ஆட்கள் தாமதமாக விழித்து, கையில் இருக்கும் பழைய சீட்டின்படி உளுந்து மூட்டையை அந்தப் புது லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். கணினியில் இதன் பொருள், வேறொரு மென்பொருளோ கெர்னலோ வைத்திருந்த தகவலின்மேல் டிஸ்க் தகவல் எழுதப்பட்டுவிட்டது. இன்னொன்றும் நடக்கலாம். கிழித்துவிட்ட சீட்டுக்கு இப்போது பதில் வருகிறது. டிரைவர் அந்தச் சீட்டைத் தேடிப்போய் இல்லாத இடத்தில் கைவைக்கிறது. கெர்னல் அதே நொடியில் நின்றுவிடுகிறது.

இந்த வகைப் பிழைக்கு மென்பொருள் எழுதுபவர்கள் செய்யும் திருத்தம் பல சமயம் சில வரிகள்தான். முதலில் கிடங்குக் கதவை மூடு. கதவு மூடிவிட்டது என்று உள்ளிருந்து பதில் வரும்வரை பொறு. அதன் பிறகே சீட்டைக் கிழி. சேர்ப்பது எதுவுமில்லாமல், வரிசையை மாற்றினாலே போதும். ஆனால் அந்தத் தவறு வெளிப்பட வேண்டுமானால் டிஸ்க் தூங்க வேண்டும், தாமதமாக எழ வேண்டும், அதே நேரத்தில் நினைவிடம் கைமாறியிருக்க வேண்டும். சோதனைக்கூடத்தில் ஆயிரம் முறை ஓட்டினாலும் சிக்காமல் இருந்து, ஒரு கடையில் மதியம் தவறாமல் சிக்குவது இதனால்தான்.

சுருக்கமாகச் சொன்னால்: டிஸ்க் தாமதித்தது, டிரைவர் அவசரப்பட்டது. தாமதம் தாங்கக்கூடியது. அந்த அவசரத்தைத்தான் கணினியால் தாங்க முடியவில்லை.

உள்ளே வைத்துப் பூட்டிய சாவி

திறக்கும்போதே விழும் கணினிகள் தனி வகை. சேமிப்பக டிரைவரும் ஒரு கோப்புதான்; அதுவும் டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும், டிரைவரை எடுக்க டிஸ்க்கைப் படிக்க வேண்டும். சாவியைக் கிடங்குக்குள் வைத்துப் பூட்டிய கதை.

இந்த முடிச்சை அவிழ்ப்பது மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற சிறு மென்பொருள். டிஸ்க்கைப் படிக்கும் எளிய திறமை அதற்கு இயல்பிலேயே உண்டு. அது கெர்னலையும் அவசியமான டிரைவர்களையும் நினைவகத்தில் ஏற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. லினக்ஸில் இதற்கென்றே டிரைவர்களை ஒரு சிறிய மூட்டையாகக் கட்டி முன்கூட்டியே வைத்திருப்பார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கச் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வருபவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருவதைப் போல, போய்ச் சேரும் வரைக்கும் தேவையானது கையில் இருக்கும்.

பயாஸ் ஒதுங்கி, கெர்னல் தன் டிரைவரைக்கொண்டு டிஸ்க்கைத் தேடும் அந்தக் கைமாறும் நொடியில் டிரைவர் பொருந்தாவிட்டால், திறக்க வேண்டிய டிஸ்க்கை அணுக முடியவில்லை என்ற நீலத்திரை வரும். அதன் குறி எண் 7பி. டிஸ்க் நல்லபடியாக இருக்கும்போதே இது வரும்.

அடிக்கடி காணும் ஒரு காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பயாஸ் தன் அமைப்புகளை நினைவில் வைத்துக்கொள்ள, பல மதர்போர்டுகளில் நாணயம் போன்ற ஒரு சிறிய 3 வோல்ட் பேட்டரி இருக்கும். பழைய கணினிகளில் அது தீர்ந்துபோனதும், மின்சாரம் போய்த் திரும்பும்போது பயாஸ் தன் ஆதி அமைப்புக்குத் திரும்பிவிடும். ரெய்டு என்று இருந்தது ஏ.எச்.சி.ஐ. என்று மாறியிருக்கும், அல்லது நேர்மாறாக. விண்டோஸ் பழைய டிரைவரோடு எழுந்து, டிஸ்க்கைக் காணாமல் 7பி காட்டும். கடிகாரமும் தேதியும் பல வருடம் பின்னால் போயிருந்தால் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகப் பார்மட் செய்யப்பட்டு, குழந்தைகளின் படங்கள் அழிந்த வீடுகள் எனக்குத் தெரியும்.

திரையில் பெயர் வந்தவர்தான் குற்றவாளியா?

அண்ணாச்சி கடையில் மூன்று நீலத்திரைகளைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அது பெரிய உதவி. இரண்டில் குறி எண் 7ஏ. நினைவகத்துக்குக் கொண்டுவர வேண்டிய தகவலை டிஸ்க்கிலிருந்து படிக்க முடியவில்லை என்று அதற்குப் பொருள். மூன்றாவதில் டி1. ஒரு டிரைவர் தொடக்கூடாத நினைவிடத்தைத் தொட்டுவிட்டது என்று பொருள். முதல் எண்ணைப் பார்த்தவர் டிஸ்க் போய்விட்டது என்று சொன்னதும், இரண்டாவது எண்ணைப் பார்த்தவர் நினைவகத்தை மாற்றச் சொன்னதும் இயல்பே. ஒரே பிழை, வேறு வேறு கதவு வழியாக எட்டிப் பார்த்தது.

விழும்போது கெர்னல் தன் நினைவகத்தின் நகலை ஒரு பதிவுக் கோப்பாக எழுதிவைக்க முயலும். விபத்து நடந்த இடத்தைப் படம் பிடிப்பது போன்றது. எழுத வேண்டிய டிஸ்க்கின் டிரைவரே சந்தேகத்துக்கு உரியதாக இருக்கும்போது எப்படி எழுதுவது? விண்டோஸ் இதை யோசித்திருக்கிறது. சேமிப்பக டிரைவரின் இரண்டாவது நகல் ஒன்றை, இந்த ஒரு வேலைக்காகவே தனியாக நினைவகத்தில் வைத்திருக்கிறது. முதல் டிரைவர் கெட்டாலும் இரண்டாவது எழுந்து எழுதும். ஆனால் டிஸ்க்கே பதில் சொல்லாவிட்டால் அதனாலும் முடியாது. திரையில் எழுதி முடித்த சதவிகிதம் பூஜ்யத்திலேயே நிற்கும், பதிவுக் கோப்புறை காலியாக இருக்கும். அண்ணாச்சி கடையில் 7ஏ வந்த இரண்டு முறையும் காலி. அந்தக் காலியிடமே எனக்கு ஒரு தடயம்.

பதிவுக் கோப்பில் ஒரு பெயர் கிடைத்தாலும் உடனே நம்பிவிடக்கூடாது. 2018-இன் கடைசியில் லினக்ஸ் கெர்னல் 4.19 பதிப்பில் சிலருடைய கோப்புகள் சிதைந்தன. எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையின் பிழைச் செய்திகள்தான் திரையில் வந்தன. பழியும் அதன்மேல்தான் விழுந்தது. தேடிப் பார்த்தபோது குற்றம், கோப்பு முறைமைக்கும் டிரைவருக்கும் நடுவில் சீட்டுகளை வரிசைப்படுத்தும் அடுக்கில் இருந்தது. ஒருமுறை அனுப்ப முயன்று திரும்பி வந்த சீட்டை, வேறொரு சீட்டோடு சேர்த்துத் திரும்ப அனுப்பியதில் குழப்பம். பேரேட்டில் கணக்கு இடித்ததைக் கண்டு கணக்குப்பிள்ளையைத் திட்டினார்கள். சீட்டைக் கொண்டுபோன பையன் மாற்றிக் கொடுத்திருந்தான்.

சரிசெய்யும் வரிசை

முதல் வேலை தகவலை வெளியே எடுப்பது. விண்டோஸ் திறக்காவிட்டாலும், பென்டிரைவிலிருந்து நேராக ஓடும் உபுண்டு போன்ற லினக்ஸைக்கொண்டு கணினியைத் திறந்து கோப்புகளை நகல் எடுத்துவிடலாம். லினக்ஸில் இருப்பது வேறு டிரைவர் என்பதால், விண்டோஸில் உள்ள டிரைவர் பிழை இங்கே குறுக்கே நிற்காது. அங்கே எல்லாம் ஒழுங்காகப் படிக்க முடிந்தால், டிஸ்க் நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு அதுவே ஒரு நல்ல அறிகுறி. டிஸ்க், விண்டோஸின் தகவல் பூட்டான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கையில் இல்லாமல் எதையும் தொட வேண்டாம்.

அடுத்து டிஸ்க்கின் உடல்நிலை. ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னைப் பற்றிய குறிப்புகளைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. ஸ்மார்ட் என்று பெயர். அதைப் படித்துக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாக மாற்றிடம் கொடுத்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டும். கம்பியில் தகவல் சிதைந்த எண்ணிக்கை மட்டும் கூடினால் இணைப்புக் கம்பியை மாற்றிப் பாருங்கள். எதுவும் கூடவில்லை என்றால் கிடங்குக்காரர் பக்கம் திரும்பலாம்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 129 என்ற எண்ணைத் தேடினேன். சாதனத்துக்கு ரீசெட் கட்டளை கொடுக்கப்பட்டது என்பது அதன் சாரம். நீலத்திரை வராத நாட்களிலும் அந்த வரி இருந்தது, எல்லாம் மதியம் ஒன்றரைக்கும் இரண்டேகாலுக்கும் இடையில். பில் போடும் பையனிடம் கேட்டேன். "சில நாள் கொஞ்ச நேரம் உறைந்து நிற்கும் அண்ணே, பிறகு தானாகச் சரியாகிவிடும்" என்றான். அந்த நாட்களில் டிரைவர் தப்பித்துக்கொண்டது, மற்ற நாட்களில் மாட்டிக்கொண்டது.

சந்தேகம் உறுதியாக வேண்டும் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மின்சாரச் சிக்கன அமைப்பில், டிஸ்க் இணைப்பைத் தூங்கவிடும் ஒரு வரியை மட்டும் நிறுத்தினேன். இரண்டு மதியம் காத்திருந்தோம். பதிவில் 129 வரவில்லை. மறுபடி தூங்கவிட்டேன். மறுநாள் 1:47-க்கு வந்துவிட்டது. அந்த நிமிடம் அண்ணாச்சியின் முகத்தில் தெரிந்த நிம்மதி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிழை வந்ததற்காக ஒருவர் மகிழ்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

தூக்கத்தை நிறுத்தியபடியே விட்டுவிடலாம் என்றால், அது கட்டுப் போடுவது மட்டும்தான். வேறு காரணத்தால் டிஸ்க் ஒருநாள் தாமதித்தாலும் அதே டிரைவர் அதே தவறைச் செய்யும். ஆகவே டிரைவரையே மாற்ற வேண்டும். திருத்திய புதுப் பதிப்பு வந்திருந்தால் அதைப் போடலாம். புதுப்பித்த பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால், சாதன மேலாளரில் முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வசதி இருக்கிறது. சில சமயம் எஸ்.எஸ்.டி.யின் உள்மென்பொருளுக்கே தயாரிப்பாளர் திருத்தம் தருவார். நகல் எடுத்த பிறகே அதைத் தொட வேண்டும். லினக்ஸில் இதே தூக்கத் தொல்லைக்கு, கெர்னல் தொடங்கும்போதே ஆழ்ந்த தூக்கத்தைத் தடுக்கும் அமைப்பு ஒன்று உண்டு.

பார்மட் செய்தும் அண்ணாச்சி கடையில் பிழை ஏன் திரும்பியது என்பதும் இப்போது விளங்கியது. பார்மட் செய்தவர் தன் பென்டிரைவில் வைத்திருந்த அதே பழைய ரெய்டு டிரைவரை மறுபடி நிறுவியிருந்தார். கிடங்கை இடித்துக் கட்டிவிட்டு, அதே கிடங்குக்காரரை வேலைக்கு வைத்துவிட்டார்கள். எஸ்.எஸ்.டி.யை மாற்றியபோதும் அப்படியே.

அங்கே ஒற்றை டிஸ்க்தான்; ரெய்டுக்கு வேலையே இல்லை. விண்டோஸின் சொந்த டிரைவருக்கு மாற்ற முடிவு செய்தேன். பயாஸில் நேராக ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றினால் மேலே சொன்ன 7பி வந்து நிற்கும். வழி இதுதான்: அடுத்த முறை பாதுகாப்பு முறையில் திறக்கும்படி விண்டோஸிடம் முதலில் சொல்லிவைக்க வேண்டும். பிறகு கணினியை மூடித் திறக்கும்போது பயாஸில் மாற்ற வேண்டும். பாதுகாப்பு முறை என்பது அடிப்படை டிரைவர்களை மட்டும் வைத்துக் கணினியைத் திறப்பது. அப்போது விண்டோஸ் தன் கையில் உள்ள சேமிப்பக டிரைவர்களை முயன்று பார்த்து, பொருந்துவதைப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை திறந்துவிட்டால் அந்தக் கட்டளையை நீக்கிவிட்டு வழக்கம்போல் திறக்கலாம். விண்டோஸ் திறக்கவே மறுக்கும் நிலையிலும் கதவு மூடிவிடவில்லை. தொடர்ந்து இரண்டு முறை திறக்க முயன்று தோற்றால், அடுத்த முறை அது தானே பழுதுநீக்கும் திரைக்குப் போகும். பாதுகாப்பு முறை அங்கிருந்தும் கிடைக்கும்.

மாற்றிய அன்று மதியம் மூன்று மணிவரை கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். தூக்கத்தை வேண்டுமென்றே திரும்ப அனுமதித்திருந்தேன். 1:52 கடந்தது. இரண்டேகாலுக்கு அண்ணாச்சி வந்து மவுஸை அசைத்தார். முகப்பு விளக்கு இரண்டு முறை மினுங்கியது, பில் திரை திறந்தது. நிகழ்வுப் பதிவில் 129 இல்லை. அடுத்த இரண்டு வாரம் பையன் தினமும் பார்த்துச் சொன்னான், ஒருநாளும் இல்லை.

கிளம்புவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதி, கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு வந்தேன். மாற்றிய தேதி. பயாஸில் இருக்க வேண்டிய அமைப்பு ஏ.எச்.சி.ஐ. தனியாக டிரைவர் எதுவும் நிறுவ வேண்டாம். கணக்கின் நகல் இரும்புப் பெட்டியில் இருக்கும் வெளி டிஸ்க்கில், வாரம் ஒருமுறை, சனிக்கிழமை மாலை.